புண்படுத்தும் பேச்சுக்கு விதி எழுத முடியுமா? விவாதக் கூட்டம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம்வரிசை கேட்டது:

நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு விவாதக் கூட்டம் நடத்துகிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம், தலைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுவோம், ஆளுக்கு எட்டு நிமிடம், அப்புறம் கேள்வி பதில். எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது, இதுவரை தேவையும் வரவில்லை. இப்போது அடுத்தடுத்த கூட்டங்களில் இரண்டு சம்பவங்கள் நடந்து, விதி போட்டே ஆகவேண்டும் என்று ஒரு தரப்பும் போடவே கூடாது என்று இன்னொரு தரப்பும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

முதல் சம்பவம். தலைப்பு, பிரார்த்தனையால் பயன் உண்டா என்பது. ஒருவர் எழுந்து கடவுள் நம்பிக்கையைக் கிழி கிழி என்று கிழித்தார். கிண்டல் இருந்தது, கொஞ்சம் கடுமையாகவே இருந்தது, ஆனால் அங்கே இருந்த யாரையும் பெயர் சொல்லியோ கை நீட்டியோ பேசவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் முகம் சிவந்து பாதியில் எழுந்து போய்விட்டார். அன்று இரவே, என் மனம் புண்பட்டுவிட்டது, அவர் மன்னிப்புக் கேட்கும்வரை நான் வரமாட்டேன் என்று எங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்.

இரண்டாவது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவருக்குப் பேச்சு திக்கும். வாதங்களை நன்றாகத் தயாரித்துக்கொண்டு வருவார். அன்று எதிரணியில் பேசியவர் மறுப்புச் சொல்லும்போது அதே திக்கலை நடித்துக் காட்டினார், "ப... ப... பொருளாதாரம் என்ன ஆகும் என்று கேட்டாரே" என்று. அறை முழுக்கச் சிரிப்பு. திக்கியவரும் சிரித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. அதோடு அவர் வருவது நின்றுவிட்டது.

விதி கேட்கும் தரப்பு சொல்வது ஒரே வரி: யார் மனமும் புண்படும்படி பேசக்கூடாது. மற்ற தரப்புக்குக் கருத்துச் சுதந்திரம்தான் எல்லாம், பிடிக்காதவர் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே தப்பாகப் படுகிறது, ஆனால் எங்கே தப்பு என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. அந்த ஒரு வரி விதியைப் போட்டால் முதல் ஆள் மாட்டுவார், இரண்டாவது ஆள் தப்பித்துவிடுவார். ஏனென்றால் திக்கியவர் புண்பட்டேன் என்று சொல்லவே இல்லையே.

கறுப்புமை:

உங்கள் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. புண்பட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் "நான் புண்பட்டேன்" என்பதிலிருந்து "ஆகவே நீ அதைப் பேசியிருக்கக் கூடாது" என்பதற்குப் போக நடுவில் இன்னொரு காரணம் வேண்டும். அந்த நடுக் காரணத்தை யாரும் சொல்வதில்லை, முதல் வரியை உரக்கச் சொன்னால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ஓர் உதாரணம் எழுதிவைத்தார், இந்த விவாதம் எங்கே நடந்தாலும் அதைச் சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் அதை விட்டுவிட வேண்டும். அதையே ஒரு தானிய வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்துப்போய் நிற்கும் கும்பலின் முன்னால் முழங்கினாலோ, அந்தக் கும்பலுக்குள் அட்டையில் எழுதிச் சுற்றுக்கு விட்டாலோ தண்டிக்கலாம். வாக்கியம் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பாருங்கள். வியாபாரிக்கு இரண்டு இடத்திலும் மனம் நோகத்தான் செய்யும், சொல்லப்போனால் பத்திரிகையில் வந்தால் ஊரே படிக்கும், இன்னும் அதிகமாக நோகும். மில் நோவை அளக்கவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டுக் கதவு உடையுமா என்று பார்க்கிறார்.

ஆனால் மில்லோடு நிறுத்தினால் உங்கள் இரண்டாவது சம்பவம் கையில் அகப்படாது, அங்கே கதவு எதுவும் உடையவில்லை. அதற்கு ஜோயல் ஃபைன்பெர்க் என்ற அமெரிக்கத் தத்துவவாதியிடம் போகவேண்டும். தீங்கு என்று சொல்ல முடியாத, ஆனால் சகிக்கவும் முடியாத விஷயங்களை எப்படி எடைபோடுவது என்று 1985இல் அவர் தனியாகவே ஒரு புத்தகம் எழுதினார். நீங்கள் ஒரு பஸ்ஸில் போகிறீர்கள், இறங்கிவிடலாம், ஆனால் இறங்கினால் வேலைக்குத் தாமதமாகும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அருவருப்பான காரியம் செய்கிறார்கள். இப்படி 31 காட்சிகளை அடுக்குகிறார் (சாப்பிட்டுக்கொண்டே படித்துவிடாதீர்கள்). அவர் கேட்பது இவைதான்: எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், விலகிப்போக வழி இருந்ததா, இப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் வந்தாரா, செய்தவருடைய நோக்கம் சீண்டுவது மட்டும்தானா, அல்லது அதனால் வேறு யாருக்காவது ஏதாவது பயன் உண்டா.

உங்கள் பெரியவர் தலைப்பைப் படித்துவிட்டு வந்தவர். எழுந்து போக வழி இருந்தது, போனார். பேசியவர் சொன்னது தலைப்புக்குள் வரும் வாதம். திக்கியவர் விஷயத்தில் இவையெல்லாம் தலைகீழ். அவர் எந்தத் தலைப்புக்கு வந்தாலும் தன் நாக்கைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும், அந்தக் கிண்டலிலோ பொருளாதாரத்தைப் பற்றி ஒரு வாதமும் கிடையாது.

வெட்டிப்பேச்சு:

எடைபோடுவதெல்லாம் சரி, தராசு யார் கையில்?

நெரிசலான தியேட்டரில் "தீ" என்று பொய்யாகக் கத்தலாமா என்று இந்த விவாதத்தில் எவராவது ஒருவர் கேட்டே தீருவார், இங்கே இன்னும் கேட்கவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். அந்த உதாரணத்தை 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் ஒரு தீர்ப்பில் எழுதினார். எந்த வழக்கில் தெரியுமா? முதல் உலகப்போரில் கட்டாய ராணுவச் சேர்ப்பு அநியாயம் என்று துண்டறிக்கை அனுப்பிய சோஷலிஸ்டுகளுக்குக் கொடுத்த தண்டனை சரிதான் என்று சொல்ல. தீயும் இல்லை, தியேட்டரும் இல்லை, போரை எதிர்த்து ஒரு காகிதம். அழகான உதாரணம் சொல்லிவிட்டு அதற்குக் கீழே யாரை உள்ளே தள்ளுகிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம் மனம் புண்படுவதற்கே நேராகச் சட்டம் போட்ட கதையும் உண்டு. இங்கிலாந்தில் தெய்வநிந்தை 2008 வரை குற்றம். அந்தச் சட்டம் கிறித்தவத்தை மட்டுமே காப்பாற்றும், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முஸ்லிம்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புண்படாமல் பாதுகாக்கும் விதி எங்கே வந்தாலும், யாருடைய புண் புண் என்று முடிவுசெய்யும் பெரும்பான்மையும் கூடவே வந்துவிடுகிறது. உங்கள் கூட்டத்திலேயே பாருங்களேன், பெரியவர் செய்தி அனுப்பியதும் விதி வேண்டும் என்று கிளம்பிவிட்டீர்கள். திக்கியவர் வராமல் போனபோது யாரும் கிளம்பவில்லை.

என் யோசனை, விதி வேண்டாம். திக்கலை நடித்துக் காட்டியவரை அங்கேயே நாலு பேர் "என்னய்யா இது, வாதத்துக்குப் பதில் சொல்லு" என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். உங்களிடம் விதிக்குப் பஞ்சமில்லை, வாய்க்குத்தான் பஞ்சம்.

நடுநிசி:

நாலு பேர் கேட்டிருந்தால் போதும் என்பது, கேட்கக்கூடிய அந்த நாலு பேர் நம் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது சரி. அறை முழுக்கச் சிரித்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

எனக்கும் திக்கும், அதனால் இதை உள்ளேயிருந்து சொல்கிறேன். எந்த எழுத்தில் மாட்டுவோம் என்று எங்களுக்கு முன்னாலேயே தெரியும். வாக்கியம் பாதி ஓடும்போதே ஒரு 'ப' வருவது தெரிந்துவிடும், அதற்குள் வேறு வார்த்தை தேடவேண்டும். பொருளாதாரம் என்று சொல்லவேண்டிய இடத்தில் வரவு செலவு நிலைமை என்று சுற்றி வளைப்போம், கேட்பவர் இவருக்குச் சரியான வார்த்தை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார். அந்த மனிதர் அன்று சுற்றி வளைக்காமல் அந்த வார்த்தையைச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்திருக்கிறார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பக் கிடைத்தது அதே வார்த்தை, கேலியாக. கூடச் சேர்ந்து சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அறையின் கண்கள் நம்மை விட்டு விலக அதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது.

இங்கே எல்லோரும் சுதந்திரம் ஒரு பக்கம், புண்படுதல் இன்னொரு பக்கம் என்று நிறுத்துகிறீர்கள். ஆனால் அந்த அறையிலிருந்து ஒரு ஆளுடைய பேச்சே காணாமல் போயிருக்கிறதே, அது எந்தக் கணக்கில் வரும்? கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்கள்தானே அதற்கு முதலில் கோபப்பட வேண்டும்?

ஜெரமி வால்ட்ரன் என்ற சட்டத் தத்துவவாதி 2012இல் வெறுப்புப் பேச்சைப் பற்றி எழுதியதில் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். ஒருவருடைய நம்பிக்கையைத் திட்டினால் அவர் மனம் புண்படுகிறது, சட்டம் அதற்குள் வரவேண்டாம். ஆனால் நீ இங்கே சரிசமமான ஆள் கிடையாது என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பொதுவில் சொல்லிக்கொண்டே இருந்தால் அது உணர்வுப் பிரச்சினை அல்ல. நாளைக்கு வெளியே போனால் என்னை மனிதனாக நடத்துவார்கள் என்ற உத்தரவாதமே அவர்களிடமிருந்து போகிறது.

மில்லின் கும்பல் உதாரணத்திலும் எனக்கு ஒரு குறை. உடனே கதவு உடைந்தால்தான் தீங்கா? ருவாண்டாவின் ஆர்டிஎல்எம் வானொலி 1993இல் ஆரம்பித்தபோது பாட்டும் அரட்டையும் நையாண்டியுமாகத்தான் ஆட்களைப் பிடித்தது. அந்நாட்டுச் சிறுபான்மையினரான துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லி அது சாதாரண வார்த்தை ஆகிவிட்டது. 1994இல் துட்சி இனப்படுகொலை தொடங்கியபோது அதே வானொலி ஆட்களின் பெயர்களையும் இருக்கும் இடங்களையும் வாசித்தது. பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயம் 2003இல் அதை நடத்தியவர்களைத் தண்டித்தது. உங்கள் விவாத அறையை நான் அதோடு ஒப்பிடவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். ஒரு பேச்சு அபாயமா இல்லையா என்பதை அந்த ஒரு நிமிடத்தை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

வெட்டிப்பேச்சு:

நடுநிசி, திக்கலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது முழுக்க நியாயம். ஆனால் வால்ட்ரனின் வழி எங்கே போய் முட்டும் என்றும் பாருங்கள். 1977இல் அமெரிக்காவில் ஒரு நாஜிக் கட்சி ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக அனுமதி கேட்டது, யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் குடியிருந்த ஊர். அந்த நாஜிகளின் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடியது ஏசிஎல்யு, குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பு. சொந்த உறுப்பினர்களே கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஆனாலும் ஒரு ஊர் தன்னைப் புண்படுத்துகிறது என்று சொல்லி ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், அதே வழியை வைத்துக் கறுப்பின உரிமைக்கான ஊர்வலத்தையும் தடுத்திருக்கலாமே. வழக்கில் ஜெயித்த பிறகு அவர்கள் அந்த ஊருக்குப் போகவே இல்லை, சிகாகோவில் கொஞ்ச நேரம் நின்று கத்திவிட்டுப் போனார்கள்.

நடுநிசி:

அந்தக் கதையை எப்போதும் வக்கீல்களின் தைரியமாகவே சொல்கிறார்கள். முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள், அந்த நாஜிச் சின்னம் நம் தெருவில் வருமா வராதா என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கொள்கை நம் எல்லோருக்கும் சொந்தம், அதற்கான செலவை மட்டும் ஒரே தெருக்காரர்கள் கட்டுகிறார்கள். தீர்ப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எதற்கும் காதைப் பொத்தத் தேவைப்படாதவர்கள் என்கிறேன்.

பின்வாசல்வக்கீல்:

சட்டம் பேசாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்த வழக்குகள் எல்லாம், அரசு ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா, தடை போடலாமா என்ற கேள்விகள். உங்கள் கூட்டம் அரசு அல்ல. உங்களிடம் இருப்பது ஒரு மைக்கும் ஒரு மணியும். பேச்சை நிறுத்தி "தலைப்புக்கு வாருங்கள்" என்று சொல்வதற்குச் சிறைத்தண்டனைக்கு வேண்டிய அளவு காரணம் வேண்டியதில்லை. குழப்பத்தில் பாதி இங்கேயிருந்துதான் வருகிறது. ஒரு தரப்பு தன்னைப் போலீஸாகவும் இன்னொரு தரப்பு தன்னைக் கைதியாகவும் நினைத்துக்கொண்டு பேசுகிறது.

இருந்தாலும் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியில் நிறைய அடிபட்டுக் கற்றிருக்கின்றன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976இல், அரசையோ மக்களில் ஒரு பகுதியையோ புண்படுத்தும், அதிரவைக்கும், தொந்தரவு செய்யும் கருத்துகளுக்கும் பேச்சுரிமை உண்டு என்று சொன்னது. இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் வரி. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கைப் போட்ட ஹேண்டிசைட் என்ற பதிப்பாளர் தோற்றுப்போனார், புத்தகம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்பதால் தடை சரி என்றுவிட்டார்கள். கொள்கை ஜெயித்தது, கொள்கைக்காரர் ஜெயிக்கவில்லை. அமெரிக்காவில் 1969இல், பேச்சால் தெளிவான, உடனடி ஆபத்து வரும் என்றால் தண்டிக்கலாம் என்ற ஹோம்ஸின் அந்தப் பழைய அளவுகோலை ஓரம்கட்டி, உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் தண்டிக்கலாம் என்று இறுக்கினார்கள். ஆகவே வெட்டிப்பேச்சு சொன்ன 1919 கதை அப்படியே நிற்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்ததும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். இணையத்தில் அனுப்பும் செய்திக்குத் தண்டிக்க, எரிச்சலூட்டுவது, அசௌகரியம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது, எது எரிச்சல் என்று யார் சொல்வது? விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதுக்கு வந்தால்தான் சட்டம் கை வைக்கலாம் என்றார்கள்.

நடுநிசி கேட்ட மெதுவான தீங்குக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறார்கள். வெறுப்பைத் தூண்டும் பேச்சு பற்றிய ஐநாவின் 2012 ராபாட் செயல்திட்டம் பேச்சை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. சூழ்நிலை என்ன, பேசுபவருக்கு எவ்வளவு செல்வாக்கு, நோக்கம் என்ன, சொன்னது என்ன, எந்த வடிவில் சொன்னார், எவ்வளவு பேரை எட்டியது, தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. தெருமுனையில் ஒருவர் உளறுவதும் நாட்டையே கையில் வைத்திருப்பவர் அதையே சொல்வதும் ஒன்றல்ல.

மூன்றாம்வரிசை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இதற்கிடையில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அந்தக் கடவுள் மறுப்பாளர் அடுத்த கூட்டத்தில் பேசினால் நாங்கள் பத்துப் பேர் வந்து கூச்சல் போடுவோம் என்று பெரியவரின் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் சிலர், வம்பு எதற்கு, அவரைக் கொஞ்ச நாள் பேசவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

விதி வரைவு ஒன்றும் எழுதிப் பார்த்தேன்: "எந்தக் கருத்தையும் எவ்வளவு கடுமையாகவும் தாக்கலாம். அரங்கில் இருப்பவர்களின் உடல், பேச்சு, பிறப்பு ஆகியவற்றைக் கேலி செய்தால், யாரும் புகார் சொல்லாவிட்டாலும் நடத்துநர் பேச்சை நிறுத்துவார்."

பின்வாசல்வக்கீல்:

கூச்சல் போடுவோம் என்று மிரட்டுபவருக்குப் பயந்து பேசுபவரை நிறுத்தினால், அடுத்த தடவை யார் வேண்டுமானாலும் பத்துப் பேரைக் கூட்டிவந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, அது மேல்முறையீட்டுக்குப் போனபோது 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை அடக்க முடியாது, அப்படிச் செய்தால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குச் சரணடைவது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேர்த் தொடர்பு இருக்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பெரியவரின் நண்பர்களுக்கும் எட்டு எட்டு நிமிடம் கொடுங்கள். கூச்சலுக்குத் தனியாக நேரம் ஒதுக்காதீர்கள்.

கறுப்புமை:

"யாரும் புகார் சொல்லாவிட்டாலும்" என்று சேர்த்தீர்கள் பாருங்கள், அதுதான் இந்த வரைவில் நல்ல பகுதி, யார் விவாதித்தாலும் அதை வெட்டவிடாதீர்கள். ஆனால் 'பிறப்பு' இடிக்கிறது. பிறப்பை வைத்து வரும் சலுகையும் ஒதுக்கலும் பற்றி விவாதம் வைத்தால் என்ன செய்வீர்கள்? அங்கே பிறப்பைப் பேசாமல் முடியாது. கேலி என்ற சொல் அதைச் சமாளிக்கும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் சூடான விவாதத்தில் எதிர்த்தரப்பு சொல்வதெல்லாம் கேலியாகத்தான் கேட்கும்.

நடுநிசி:

எனக்கு 'அரங்கில் இருப்பவர்கள்' என்பதில்தான் ஓட்டை தெரிகிறது. அந்த இனத்துக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று ஒருவர் சொல்கிறார், அந்த இனத்தவர் அன்று யாரும் வரவில்லை. உங்கள் விதிப்படி அது கருத்து, தாராளமாகச் சொல்லலாம். அடுத்த மாதமும் அவர்கள் ஏன் வரவில்லை என்று அப்புறம் யோசிப்பீர்கள்.

வெட்டிப்பேச்சு:

அந்த இடத்தில் நிறுத்தவேண்டாம், ஆதாரம் கேளுங்கள். எல்லோரும் என்றால் எத்தனை பேர், யார் எண்ணியது, என்று கேட்டு மீதி நேரம் முழுக்க அவரை அதற்கே பதில் சொல்லவையுங்கள். மைக்கைப் பிடுங்கினால் வெளியே போய் என் வாயை அடைத்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் நடத்துநர் கட்டாயம் கேட்டே ஆகவேண்டும் என்று எழுதிவையுங்கள், சபையில் யாராவது கேட்பார்கள் என்று விட்டால் நடக்காது. (ஆமாம், விதியே வேண்டாம் என்று சொன்னவன் விதி எழுதித் தருகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.)

நடுநிசி:

இது எனக்குப் பாதி சம்மதம். பதில் சொல்லும் பொறுப்பு அந்த இனத்தவர் தலையில் விழாமல் நடத்துநரிடம் இருக்கிறது, அதுவரைக்கும் சரி. ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே சொல்லிக்கொண்டு வருபவரை என்ன செய்வது என்பதற்கு இதில் பதில் இல்லை.

மூன்றாம்வரிசை, விதியை எழுதுங்கள், எழுதாமல் போங்கள், அந்த மனிதரைப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும் நாடகம் மட்டும் வேண்டாம், மறுபடியும் எல்லோரும் அவர் வாயையே பார்ப்பார்கள். நடித்துக் காட்டியவர் தனியாகப் பேசட்டும். அப்புறம் அந்த எட்டு நிமிடம். உங்களுக்கு எட்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு எனக்குப் பன்னிரண்டு ஆகும், மணி அடித்ததும் கடைசி வாதத்தை விழுங்கிவிட்டு உட்காருவேன். எல்லோருக்கும் ஒரே நேரம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. திக்குபவருக்கு நேரம் கூட்டித் தருவோம் என்று கூட்டத்தில் அறிவிக்காதீர்கள், மணி அடிப்பவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

மூன்றாம்வரிசை:

நேரத்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த வாரம் நானும் இன்னொருவரும் அவரைப் பார்க்கப் போகிறோம்.

இன்னொரு கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து பேச்சுகளை வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. மேலே வக்கீல் எத்தனை பேரை எட்டியது என்று சொன்னதைப் படித்ததும் யோசனையாக இருக்கிறது.

பின்வாசல்வக்கீல்:

யோசனை வரவேண்டியதுதான். முப்பது பேர் இருக்கும் அறையில் சொன்னது, தலைப்புத் தெரிந்து வந்தவர்களிடம், எதிர்வாதம் அடுத்த எட்டு நிமிடத்தில் வரும் என்று தெரிந்து சொன்னது. அதில் இருபது வினாடியை வெட்டி எடுத்து யாராவது சுற்றுக்கு விட்டால் தலைப்பும் இல்லை, எதிர்வாதமும் இல்லை, மில்லின் உதாரணத்தில் கட்டுரை அட்டையாகிக் கும்பலுக்குள் போன மாதிரி. உங்கள் கடவுள் மறுப்பாளரின் பேச்சைத்தான் முதலில் வெட்டுவார்கள். போடுவதானால் இரண்டு தரப்பையும் சேர்த்து முழு விவாதமாக ஒரே வீடியோவில் போடுங்கள், தனித்தனிப் பேச்சாகப் போடாதீர்கள். பேசியவர்கள் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வேண்டாம் என்பவர் பேசும்போது கேமராவை நிறுத்திவிடுங்கள். கேள்வி கேட்கும் பார்வையாளர்களையும் மறந்துவிடாதீர்கள், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதே இல்லை.

நடுநிசி:

கேமரா வந்தால் நான் பேசமாட்டேன் என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். வீடியோவை முடிவு செய்துவிட்டுப் போய்ப் பார்க்காதீர்கள், முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.